ஆய்கூடத்திற் பிறந்த கைத்தொழில்

கல்வியும் வாணிபமும் தம்முள் மாறுபட்டவை என்பது பலர் துணிபு. ஆசிரியன் பொருளீட்டலை நாடின் அறிவு குன்றும் என்பர்; அறிஞன் வாணிபத்தில் இறங்கின் முதல் அழியும் என்பர். இவ்விரு கூற்றையும் பொய்ப்பித்தவர் வங்கநாட்டு இரசாயன அறிஞர் பிரபுல்ல சந்திர ராய் (1861–1944) ஆவர்.

எடின்பரோ சர்வகலாசாலையில் 1887இல் கலாநிதிப் பட்டம் பெற்ற ராய், 1889இல் கல்கத்தாப் பிரசிடென்சிக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராய் அமர்ந்தார். பட்டம் பெற்ற இளைஞர் எழுதுவினைஞர் பதவியையே நாடி அலைவதை அவர் கண்டார். அதே நாட்டுக்கு வேண்டிய மருந்துகளோ கடல் கடந்து வந்துகொண்டிருந்தன. இவ்விரு குறைகளுக்கும் பரிகாரம் ஒன்றே எனத் துணிந்த அவர், 1892இல் ஏறத்தாழ 700 ரூபா முதலுடன் தாம் குடியிருந்த வீட்டிலேயே மருந்துத் தொழிலைத் தொடங்கினார்.

பகலிற் கல்லூரி, மாலையில் மருந்து என்பதே அவர்தம் நியமமாயிற்று. கசாப்புக் கடைகளில் எஞ்சிய எலும்புகளைச் சுட்டு அவர் பொசுபேற்று உப்புக்களை ஆக்கினார். பொருளை ஆக்குவதினும் அதனை விற்பதே அரிதாயிற்று. சுதேச மருந்தை வணிகர் நம்பினாரல்லர். அந்நிலையில் அவருடன் இணைந்த வைத்தியர் அமூல்ய சரண் போசு, ஏனைய வைத்தியர்களிடையே அம்மருந்துகளைப் பரப்பினார். ஓமம், ஆடாதோடை முதலிய நாட்டு மூலிகைகளும் புதுமுறை மருந்துகளாயின. 1898இல் கொள்ளைநோய்க்குப் போசு இரையானார். எனினும் முயற்சி தளர்ந்திலது. 1901இல் அது இரண்டு இலட்சம் ரூபா மூலதனமுடைய கம்பனியாயிற்று.

இத்தனைக்கும் ராய் ஆராய்ச்சியைக் கைவிட்டாரல்லர். 1896இல் இரச நைத்திரைற்றுப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். 1902இல் இந்து இரசாயன வரலாற்றின் முதற் பாகத்தை வெளிக்கொணர்ந்தார். அறுபது வயது நிரம்பிய பின் தமக்குரிய சர்வகலாசாலைச் சம்பளத்தை அச்சர்வகலாசாலைக்கே ஈந்தார். அவரை வணிகராக்கியது பொருள் வேட்கையன்று. கற்ற கல்வி நாட்டுக்குப் பயன்படாது கிடத்தலைப் பொறாத மனமே என்பது இதனாற் பெறப்படும்.

பிற்காலத்தில் நட்டமுற்ற அக்கம்பனியின் நிர்வாகத்தை இந்திய அரசு 1977இல் ஏற்று, 1980இல் அதனைத் தேசியமயமாக்கியது. அறிவு ஒரு தொழிலைத் தோற்றுவிக்கும். அதனை நிலைபெறச் செய்தற்குத் திறமையான நிர்வாகமும் இடையறாது வேண்டும் என்பதற்கு இது சான்று. ஆயினும் 700 ரூபாவே முதலாகக் கொண்டு எழுந்த அத்தொழில், உண்மையான முதல் பணப்பெட்டியிலன்றி ஆய்கூடத்திலேயே இருந்தது என்பதை உணர்த்தி நிற்கின்றது. உத்தியோகம் ஒன்றையே கல்வியின் பயனெனக் கருதும் மாணவர் சிந்தித்தற்குரியது இவ்வரலாறு.