ஆலோசகர் தன் கதையைச் சொல்லலாமா?

மனபாரத்தோடு வந்தவரிடம், "எனக்கும் இப்படித்தான் நடந்தது" என்று ஆலோசகர் சொல்லலாமா? நூறாண்டுக்கு மேலாகத் தீராத வழக்கு இது.

ஜொகூர் ரப்பர் தோட்டங்களில் இந்தக் கேள்விக்கே வேலை இருந்திருக்காது. வீட்டுச் சண்டை தண்டலிடமோ கோயில் தலைவரிடமோ போகும். புத்தி சொல்பவர் ஒரு காலத்தில் கள்ளுக்கடையே கதி என்று கிடந்தவர் என்றால், அது லயம் முழுக்கத் தெரிந்த கதை. சொல்லவும் வேண்டாம், மறைக்கவும் முடியாது. முன்பின் தெரியாத ஒருவர் முன் மூடிய அறையில் உட்காரும்போதுதான் சிக்கல் பிறக்கிறது.

முதலில் தடை போட்டவர் சிக்மண்ட் பிராய்ட். மருத்துவர் கண்ணாடி போல வந்தவரைத்தான் காட்ட வேண்டும், தன்னை அல்ல என்று 1912-இல் எழுதினார். (அவரே 1907-இல் பசியோடு வந்த நோயாளிக்குச் சாப்பாடு போட்டவர்தான்!) அவருடைய சீடர் பெரென்சி 1932-இல் மறுகோடிக்கே போனார். மருத்துவரும் நோயாளியும் மாறி மாறி மனத்தைக் கொட்டிப் பார்த்தார்கள். அது நீடிக்கவில்லை. ஒருவர் மனம் திறந்தால் எதிரில் இருப்பவரும் திறப்பார் என்று 1964-இல் நூல் எழுதி மீண்டும் கதவைத் திறந்தவர் சிட்னி ஜுரார்ட்.

ஆனால் ஏட்டைவிட அனுபவம் பேசிய இடம் குடிநோய்தான். 1935-இல் அமெரிக்காவில் பில் வில்சனும் டாக்டர் பாப்பும் தொடங்கிய கூட்டங்களில், குடியை விட்டவர் தன் கதையைச் சொல்வதே வைத்தியம். நம்மவர்களில் சென்னையின் சாந்தி ரங்கநாதன். 1979-இல் குடிக்குக் கணவரைப் பறிகொடுத்தவர், 1980-இல் கணவரின் பெயரிலேயே குடிநோய் சிகிச்சை மையம் தொடங்கினார். குடிப்பவரின் மனைவி அவமானத்தில் வாய் திறக்காத காலம் அது. அவரோ தன் இழப்பை மறைக்கவில்லை. அவரைத் தேடி வந்த பெண்களுக்கு அந்த ஒரு செய்தி எவ்வளவு பெரிய தெம்பு!

மலேசியாவில் 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம், வந்தவர் சொன்னதைக் காக்கும் கடமையை ஆலோசகர் மீது வைக்கிறது. ஆலோசகர் சொன்னதைக் காக்க வந்தவருக்கு எந்தக் கட்டும் இல்லை. கோலாலம்பூர் கூட்டத்தில் அது கரைந்து போகலாம். குளுவாங்கிலோ சிகாமட்டிலோ அப்படியா? இருவரும் அடுத்த வெள்ளிக்கிழமை ஒரே கோயில் வரிசையில் நிற்க வேண்டியவர்கள்.