பொருளுக்கு ஓர் எண்: நுகர்பொருள் வணிகத்தில் பொதுத்தரவு உருவான வரலாறு

பலசரக்கு வணிகத்தில் பட்டைக்குறி நுழைந்த கதை பெரும்பாலும் கோடுகளின் கதையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நார்மன் ஜோசப் உட்லேண்ட், பெர்னார்டு சில்வர் என்னும் அமெரிக்கர் இருவர், பொருளின்மேல் அச்சிட்ட கோடுகளை ஒளியைக் கொண்டு படிக்கும் முறையை வகுத்து 1949இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்ததும், 1952இல் அதைப் பெற்றதும், மயாமிக் கடற்கரை மணலில் உட்லேண்ட் விரல்களால் இழுத்த கோடுகளிலிருந்து அந்த எண்ணம் பிறந்ததும் பலமுறை சொல்லப்பட்ட செய்திகள். ஆனால் காப்புரிமை கிடைத்த பின்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் எந்தக் கடையின் அன்றாட வணிகத்திலும் அந்த முறை வேரூன்றவில்லை. மலிவான லேசர் ஒளியும் கணினியும் அப்போது இல்லாதிருந்தது இதற்கு ஒரு காரணம்; கோடுகள் எந்த எண்ணைச் சுமக்க வேண்டும் என்பதில் வணிகர்களிடையே உடன்பாடு இல்லாதிருந்தது அதனினும் பெரிய காரணம். இவ்வரலாற்றில் கண்டுபிடிப்பாளர்களைக் காட்டிலும் குழுக்களுக்கே கூடுதல் இடம் உண்டு. குழுக்களின் கூட்டங்களை விவரிப்பது சுவையான வேலையன்று என்பதால்தான் மணற்கோடுகள் முன்னுக்கு வந்துவிட்டன போலும்.

1960களில் அமெரிக்கப் பலசரக்கு வணிகத்தில் ஒரே தக்காளிச் சாறு டின்னுக்கு ஆலையில் ஓர் எண், மொத்த வியாபாரியின் கிடங்கில் வேறோர் எண், சங்கிலிக் கடையின் பேரேட்டில் மூன்றாவது எண் என்று பல எண்கள் வழங்கின. கொள்முதல் ஆணையில் எழுதப்பட்ட எண்ணை விலைப்பட்டியலில் உள்ள எண்ணோடு பொருத்திப் பார்ப்பதற்கென்றே எழுத்தர்கள் அமர்த்தப்பட்டிருந்தனர். கடையிலோ ஒவ்வொரு டின்னின் மீதும் விலையை மை முத்திரையாகக் குத்துவதும், கல்லாவில் இருப்பவர் அதைப் பார்த்து விசைகளை அழுத்துவதும் வழக்கமாக இருந்தன. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க உற்பத்தியாளர் சங்கமும் உணவுச் சங்கிலிக் கடைகளின் சங்கமும் 1969இல் சின்சினாட்டி நகரில் கூடிப் பேசியபோது, தங்களிடம் ஏற்கெனவே வழக்கிலிருந்த எண்களை அப்படியே உள்ளடக்கக்கூடிய 11 இலக்க எண் வேண்டும் என்று உற்பத்தியாளர்களும், எளிய கருவிகளால் படிக்கத்தக்க 7 இலக்க எண்ணே போதும் என்று கடைக்காரர்களும் நின்றதால், கூட்டம் முடிவின்றிக் கலைந்தது. வெறும் நான்கு இலக்க வேறுபாடாகத் தோன்றினாலும், பழைய பதிவேடுகளை மாற்றும் செலவை யார் ஏற்பது என்பதே அங்கு நடந்த உண்மையான வழக்கு.

இரு தரப்பினரும் அடங்கிய சிறப்புக் குழு 1970இல் அமைக்கப்பட்டு, ஹெய்ன்ஸ் நிறுவனத்தின் தலைவர் பர்ட் குக்கின் அதன் தலைமையை ஏற்றார். மெக்கின்ஸி நிறுவனத்தின் ஆலோசகர்கள் கணக்குகளைத் தொகுத்துத் தந்தனர். அடுத்த ஆண்டிலேயே 10 இலக்க எண்ணுக்குக் குழு உடன்பட்டது. அதில் முதல் ஐந்து இலக்கங்கள் உற்பத்தியாளரைக் குறிக்கும். அவற்றைப் பொது அமைப்பு ஒன்று வழங்கும். அடுத்த ஐந்து இலக்கங்கள் பொருளைக் குறிக்கும். அவற்றை உற்பத்தியாளரே தம் விருப்பப்படி இட்டுக்கொள்வார். இந்த எண்ணில் விலையோ எடையோ சரக்கின் வகையோ மறைந்திருக்கவில்லை என்பதே இம்முடிவின் நுட்பம். எண்ணுக்குள் பொருளின் பண்புகளை அடக்க முயன்றிருந்தால், ஒரு பண்பு மாறும்போதெல்லாம் எண்ணும் மாற வேண்டியிருந்திருக்கும். மேலும், எந்தப் பண்புகளை அடக்குவது என்ற விவாதம் முடிவே இல்லாமல் நீண்டிருக்கும். எண் ஒரு பெயராக மட்டும் நின்று, பொருளைப் பற்றிய மற்றச் செய்திகள் யாவும் கணினிப் பதிவேட்டில் தனியே இருக்கட்டும் என்று குழு ஒதுங்கிக்கொண்டதால்தான் உடன்பாடு விரைவில் கைகூடியது. அவ்வாறு ஒதுக்கி வைக்கப்பட்ட செய்திகளை ஒழுங்குபடுத்தும் வேலை அடுத்த அரை நூற்றாண்டுக்கும் நீண்டது.

அச்சில் இந்தப் பத்து இலக்கங்களின் முன்னும் பின்னும் ஒவ்வோர் இலக்கம் சேர்ந்து, எண் 12 இலக்கமாயிற்று. முன்னால் நிற்பது சரக்கின் பிரிவைக் காட்டும் இலக்கம்: கடையிலேயே நிறுத்து விற்கப்படும் இறைச்சி, பாலாடைக்கட்டி போன்றவற்றுக்கு 2 என்றும், மருந்துகளுக்கு 3 என்றும் ஒதுக்கப்பட்டன. பின்னால் நிற்பது சரிபார்ப்பு இலக்கம். ஒற்றைப்படை இடங்களில் உள்ள இலக்கங்களைக் கூட்டி மூன்றால் பெருக்கி, இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றை அத்துடன் கூட்டி, வரும் தொகையைப் பத்தின் மடங்காக்கத் தேவைப்படும் இலக்கமே இறுதியில் இடப்படுகிறது. ஏதேனும் ஓர் இலக்கம் தவறாகப் படிக்கப்பட்டால் கணக்கு ஒத்துவராமல் கருவி அந்த எண்ணை ஏற்க மறுத்துவிடும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். அவ்விரண்டின் வேறுபாடு சரியாக ஐந்தாக இருக்கும்போது மட்டும் பிழை தப்பிவிடும்.

எண் முடிவான பிறகே அதைச் சுமக்கும் சின்னத்தைத் தேர்ந்தெடுக்க ஆலன் ஹேபர்மன் தலைமையில் துணைக்குழு அமைந்தது. ஆர்.சி.ஏ. நிறுவனம் முன்வைத்த வட்டச் சின்னம் எந்தக் கோணத்திலிருந்தும் படிக்கத்தக்கதாக இருந்தபோதிலும், அச்சு எந்திரம் ஓடும் திசையில் மை இழுபட்டால் வட்டங்கள் சிதைந்துவிடும் குறை அதில் இருந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜார்ஜ் லாரர் வகுத்த செங்குத்துக் கோடுகளோ, மை இழுபடும் திசையிலேயே அச்சிடப்பட்டால் சற்று நீளுமேயன்றி அகலம் மாறுவதில்லை. 1973 ஏப்ரல் 3 அன்று இந்தச் சின்னமே தேர்வாயிற்று. 1974 ஜூன் 26 அன்று ஒஹாயோ மாநிலத்தின் டிராய் நகரில் மார்ஷ் பேரங்காடியின் கல்லாவில் ரிக்லி நிறுவனத்தின் மெல்லும் கோந்துப் பொட்டலம் ஒன்று வருடப்பட்டதிலிருந்து அதன் வணிகப் பயன்பாடு தொடங்குகிறது. இதற்கு நேர்மாறான அனுபவம் அமெரிக்க ரயில்வேக்கு நேர்ந்தது: சரக்கு வண்டிகளின் பக்கங்களில் வண்ணப் பட்டைகளை ஒட்டும் திட்டத்துக்கு 1967இலேயே பொது உடன்பாடு கிடைத்துவிட்டது, ஆனால் அழுக்கு படிந்த பட்டைகளைக் கருவிகளால் சரிவரப் படிக்க இயலாததால் 1970களின் இறுதியில் அது கைவிடப்பட்டது.

பேரங்காடிகளிலும் பரவல் எளிதாக நிகழவில்லை. பொருள்தோறும் விலை குத்தும் கூலியை மிச்சப்படுத்துவது புதிய முறையின் ஆதாயங்களுள் ஒன்றாகக் கணக்கிடப்பட்டிருந்ததால், விலை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்று நுகர்வோர் அமைப்புகளும், வேலை போய்விடும் என்று தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. சில மாநிலங்கள் ஒவ்வொரு பொருளின் மீதும் விலை இருந்தாக வேண்டும் என்று சட்டமே இயற்றின. இந்தியாவில் இத்தகைய பூசல் எழ வழியில்லை. பொட்டலப் பொருள்களின் நிகர அளவு, தயாரிப்பாளரின் பெயர், விலை முதலியவற்றை உறையிலேயே அச்சிட வேண்டும் என்னும் விதிகள் 1977 முதலே நடைமுறையில் இருந்தன; வரிகள் அனைத்தும் அடங்கிய அதிகபட்சச் சில்லறை விலையும் பின்னர்க் கட்டாயமாயிற்று. ஆகவே இந்தியப் பொட்டலத்துக்குப் பட்டைக்குறி வந்துசேர்ந்தபோது, விலை அதன் அருகிலேயே நின்றது.

ஐரோப்பாவின் 12 நாடுகளைச் சேர்ந்த உற்பத்தியாளர்களும் வணிகர்களும் 1977இல் பிரஸ்ஸல்ஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு தனி அமைப்பை நிறுவி, அமெரிக்க எண்ணோடு ஒத்துப்போகும் 13 இலக்க எண்ணை வகுத்தனர். அமெரிக்க எண்ணின் முன் சுழியம் ஒன்றை இட்டால் அது ஐரோப்பிய எண்ணாகிவிடும். ஐரோப்பியக் கருவிகள் அமெரிக்க எண்ணைப் படித்தன. அமெரிக்கக் கடைகளின் கணினிகளோ 13 இலக்கங்களை ஏற்க 2005ஆம் ஆண்டைக் காலக்கெடுவாக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவ்வாண்டிலேயே இரு கண்டங்களின் அமைப்புகளும் ஜி.எஸ்.1 என்னும் ஒரே பெயருக்குள் வந்தன. எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் அதை வழங்கிய நாட்டு அமைப்பைக் காட்டுகின்றன: இந்தியாவுக்கு 890, இலங்கைக்கு 479, மலேசியாவுக்கு 955, சிங்கப்பூருக்கு 888. 890 என்று தொடங்கினால் அது இந்தியாவில் செய்யப்பட்ட பொருள் என்று பரவலாக நம்பப்படுவது தவறு. எண்ணை வாங்கிய நிறுவனம் எங்கே உறுப்பினராகப் பதிவு செய்துள்ளது என்பதை மட்டுமே அந்த இலக்கங்கள் சொல்லும்.

எண் பொதுவான பின்னர், எது ஒரு பொருள் என்னும் கேள்வி எழுந்தது. சோப்புக் கட்டி ஒன்று, நான்கு கட்டிகளைச் சேர்த்துக் கட்டிய பொதி, அத்தகைய பொதிகள் அடங்கிய அட்டைப்பெட்டி ஆகிய மூன்றும் தனித்தனியே விலை பேசி விற்கப்படுவதால், மூன்றுக்கும் தனித்தனி எண்கள் வேண்டும் என்பது விதி. விலைக்குரிய இந்த ஒவ்வொன்றும் வணிக உருப்படி எனப்படுகிறது. அட்டைப்பெட்டியின் எண் 14 இலக்கமுடையது. அதன் முதல் இலக்கம் கட்டுமானத்தின் அடுக்கைப் பிரித்துக் காட்டுகிறது. பெட்டிகள் அடுக்கப்பட்டு லாரியில் ஏறும் தட்டுக்கு 18 இலக்க எண் இடப்படும்போது தத்துவமே மாறுகிறது: முன்னவை ஒரு வகையைச் சேர்ந்த எல்லாப் பொதிகளுக்கும் பொதுவான எண்கள்; இது அந்தத் தட்டு ஒன்றுக்கு மட்டுமே உரியது. பொருள் எப்போது வேறு பொருளாகிறது என்பதற்கும் வரையறை எழுதப்பட்டது. நிகர அளவு மாறினால் புதிய எண் இட வேண்டும். உறையின் ஏதேனும் ஒரு பக்க அளவோ மொத்த எடையோ 20 விழுக்காட்டுக்கு மேல் மாறினாலும் புதிய எண் இட வேண்டும். உற்பத்தியாளர் உறையில் அச்சிடும் விலை மாறினாலும் புதிய எண் வேண்டும் என்பது உலகப் பொதுவிதியாயினும், இந்தியாவில் பழைய விலைச் சரக்கும் புதிய விலைச் சரக்கும் ஒரே எண்ணோடு அலமாரியில் கலந்து நிற்பது வழக்கமாக உள்ளது. வருடியதும் திரையில் இரண்டு மூன்று விலைகள் தோன்ற, கல்லாவில் இருப்பவர் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதை எந்தப் பேரங்காடியிலும் காணலாம்.

நீளம், அகலம், உயரம் என்னும் எளிய சொற்களே அடுத்த சிக்கலாயின. ஒரு பெட்டியின் எந்தப் பக்கத்தை முன்பக்கம் என்பது என ஆலையும் கடையும் வெவ்வேறாகக் கொண்டால், அலமாரித் திட்டமும் லாரியில் ஏற்றும் கணக்கும் பிழைபடும். எனவே, நுகர்வோர் வாங்கும் பொருளுக்கு, விற்பனைக்கென அழகுபடுத்தப்பட்ட பக்கங்களுள் பரப்பு மிகுந்ததே முன்பக்கம் என்றும், அதை எதிரே வைத்துப் பார்த்து உயரம், அகலம், ஆழம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும் என்றும் அளவை விதிகள் எழுதப்பட்டன. அட்டைப்பெட்டிக்கு முன்பக்கம் என்பதே இல்லை. அது இயல்பாக நிற்கும் அடிப்பகுதியில் நீண்ட விளிம்பு ஆழம், குறுகிய விளிம்பு அகலம். இவ்வாறு அளக்கப்பட்ட தரவுகளை உற்பத்தியாளர் ஒருமுறை பதிந்தால் வாங்குவோர் அனைவரின் கணினிக்கும் ஒரே வடிவில் சென்றுசேரும் உலகத் தரவு ஒத்திசைவு வலையமைப்பு 2004இல் தொடங்கப்பட்டது.

நெடுங்காலம் இந்தப் பதிவுகளில் உறை என்பது பொருளைச் சுமக்கும் ஓர் அளவாக மட்டுமே இருந்தது. அது எதனால் ஆனது என்று எவரும் கேட்கவில்லை. 1988இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில்துறைச் சங்கம் பிசின் வகைகளுக்கு 1 முதல் 7 வரை எண்ணிட்டதும், 1994இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆணை விற்பனை உறை, தொகுப்பு உறை, போக்குவரத்து உறை என மூன்றாகப் பிரித்து வரையறுத்ததும் இந்த நிலையை மாற்றத் தொடங்கின. நுகர்பொருள் நிறுவனங்களின் உலக மன்றம் 2011இல் வெளியிட்ட நெறிமுறை, உறையின் எடையை எப்படிக் கணக்கிடுவது, மறுசுழற்சிப் பொருளின் பங்கு என்று எதைச் சொல்வது என்பன போன்ற வரையறைகளைத் தொகுத்தளித்தது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு விதித் திருத்தம் உறைகளை நான்கு வகைகளாகப் பிரித்தது: கெட்டியானவை, நெகிழ்வானவை, பல்லடுக்கு உறைகள், மக்கும் பிளாஸ்டிக்குகள். பிஸ்கட்டைச் சுற்றிய தாளில் வெவ்வேறு பிளாஸ்டிக் அடுக்குகள் எத்தனை இருந்தாலும் அது இரண்டாம் வகையே. அவற்றினிடையே அலுமினியத் தாள் ஓர் அடுக்காகச் சேர்ந்தால் அது மூன்றாம் வகைக்குப் போய்விடுகிறது. ஒவ்வொரு வகையிலும் எத்தனை டன் சந்தைக்கு வந்தது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கணக்குத் தர வேண்டிய பொறுப்பு வணிகப் பெயருக்குரிய நிறுவனத்தின் மீது விழுவதால், உறைத்தாள் செய்து தருபவரிடமிருந்து அடுக்கு அடுக்காக விவரம் கேட்டு வாங்கும் வேலை கொள்முதல் துறைக்குப் புதிதாக வந்துசேர்ந்திருக்கிறது.