டார்ச் லித்தியம் மின்கலம்

கைவிளக்கில் இட்டு எரித்து, தீர்ந்தபின் மின்னேற்றி மறுபடி பயன்படுத்தத் தக்க உருளை வடிவ லித்தியம் அயனி மின்கலம். கடைப் பேச்சில் லித்தியம் செல், சார்ஜ் செல் எனப்படும். சிலர் எண்ணை மட்டும் சொல்லி 18650 என்று கேட்பர். புதுச்சேரி–கடலூர் சாலையில், அரியாங்குப்பம் கொம்யூனில் உள்ள தவளக்குப்பம் வட்டாரத்தில் இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் நல்லவாடு மீனவர்கள் விடியுமுன் படகு தள்ளுகிறார்கள். மறுபக்கம் பாகூர் வயல்களுக்கு இரவில் தண்ணீர் கட்டுகிறார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது.

முன்னோடிகள்: டார்ச்சின் கதை ஒரு பிரெஞ்சுக்காரரிடம் தொடங்குகிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில், 1866இல், ழார்ழ் லெக்லாஞ்சே துத்தநாகம், மாங்கனீசு டை ஆக்சைடு, நவச்சாரக் கரைசல் ஆகியவற்றைக் கொண்டு மின்கலம் அமைத்தார். கண்ணாடிச் சாடியில் திரவம் ததும்பிய அந்தக் கலத்தைக் கையில் எடுத்துச் செல்ல இயலாது. ஜெர்மனியின் கார்ல் காஸ்னர் 1886இல் கரைசலைப் பசையாக்கித் துத்தநாகக் குவளைக்குள் அடைத்தார். உலர் மின்கலம் என்று பள்ளிப் பாடத்தில் படிப்பது இதைத்தான். 1899 ஜனவரியில் டேவிட் மிசெல் அமெரிக்காவில் குழாய் வடிவக் கைவிளக்குக்குக் காப்புரிமை பெற்றார்.

தமிழகத்தில் யூனியன் கார்பைடு நிறுவனம் 1952இல் சென்னையில் எவரெடி ஆலையைத் தொடங்கியது. 1972இல் ஜப்பானிய மட்சுஷிட்டாவின் தொழில்நுட்ப உறவுடன் இந்தோ நேஷனல் நிறுவனம் தோன்றி, நெல்லூரிலிருந்து நிப்போ செல்லை அனுப்பியது. இரண்டு கட்டை, மூன்று கட்டை லைட்டுகள் தமிழ்நாட்டிலும் புதுவையிலும் ஒரு தலைமுறைக்கு மேல் கோலோச்சின. இடையில் வந்த சார்ஜ் லைட்டுகளில் இருந்தது 4 வோல்ட் ஈய அமில மின்கலம். கனமானது, சில மாதம் சார்ஜ் செய்யாமல் விட்டால் செத்துப்போவது. எவரெடி ஆலை எழுந்த அதே காலத்தில் காரைக்குடியில் மின்வேதியியலுக்கென்றே ஒரு நிறுவனம் வளர்ந்துகொண்டிருந்தது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளிக்க, 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14இல் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் எனப்படும் இது, பின்னாளில் லித்தியம் மின்கல ஆய்விலும் இறங்கியது.

லித்தியத்தின் வரவு: ஸ்டான்லி விட்டிங்ஹாம் 1970களில் உலோக லித்தியத்தைக் கொண்டு மறுமின்னேற்ற மின்கலம் செய்தார். ஆற்றல் மிகுந்த அந்தக் கலம் தீப்பற்றும் இயல்பும் கொண்டது. 1989இல் கனடாவின் மோலி எனர்ஜி நிறுவனத்தின் உலோக லித்தியம் செல்கள் ஜப்பானில் கைப்பேசிகளில் தீப்பிடித்துத் திரும்பப் பெறப்பட்டன. தப்பும் வழி அதற்கு முன்பே கிடைத்திருந்தது. ஜான் குடினஃப் 1980இல் லித்தியம் கோபால்ட் ஆக்சைடை நேர்முனைக்குத் தந்தார். கிரெனோபிளில் ரஷீத் யாசாமி கிராஃபைட்டுக்குள் லித்தியம் அயனி புகுந்து வெளிவரும் என்று காட்டினார். அகிரா யோஷினோ 1985இல் உலோக லித்தியமே இல்லாத மின்கலத்தை உருவாக்கினார். சோனி 1991இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விட்டிங்ஹாம், குடினஃப், யோஷினோ மூவரும் 2019இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். குடினஃபுக்காக நோபல் உரையை ஸ்டாக்ஹோமில் நிகழ்த்தியவர் ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டின் அமரபுரத்தில் பிறந்து மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் பயின்றவர். 1980களின் இறுதியில் அவரும் குடினஃபும் செய்த பல்லணு எதிரயனி ஆய்வின் வழியில்தான் 1997இல் இரும்பு பாஸ்பேட் நேர்முனை பிறந்தது. வீட்டு விளக்குக்கு இன்று கிடைக்கும் வேதிமங்களில் மிகப் பாதுகாப்பானது அதுவே.

வகைப்பாடு: எண்ணில் முதல் இரண்டு இலக்கம் விட்டத்தையும், அடுத்த மூன்று நீளத்தை மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்காகவும் குறிக்கும். 18650 என்றால் 18 மி.மீ. விட்டம், 65.0 மி.மீ. நீளம், 21700 என்றால் 21, 70.0. 14500 அளவில் பென்சில் செல்லையே ஒத்தது. ஆனால் மின்னழுத்தம் 1.5 அன்று, 3.7 வோல்ட், பென்சில் செல்லுக்கெனச் செய்த விளக்கில் இதை இடக் கூடாது. எண்ணுக்கு முன்னுள்ள எழுத்துகளில் ஐ.சி.ஆர். கோபால்ட்டையும், ஐ.எம்.ஆர். மாங்கனீசையும், ஐ.என்.ஆர். நிக்கலையும், ஐ.எஃப்.ஆர். இரும்பு பாஸ்பேட்டையும் குறிக்கும். முதல் மூன்றுக்கு முழு ஏற்றம் 4.2 வோல்ட். ஐ.எஃப்.ஆர். பெயரளவில் 3.2, முழு ஏற்றத்தில் 3.65 வோல்ட், அதற்கெனத் தனிச் சார்ஜர் வேண்டும். தட்டைத் தலை, குமிழ்த் தலை என்ற பிரிவும் உண்டு. அடியில் பாதுகாப்புப் பலகை ஒட்டிய செல் 68 முதல் 70 மி.மீ. வரை நீளும். அளவு மீறிய ஏற்றம், அடிமட்டம்வரை இறங்குதல், குறுக்கு இணைப்பு ஆகிய மூன்றையும் அந்தப் பலகை துண்டிக்கும். பொதுப் பயனருக்கு உரியது பலகை உள்ள செல்லே.

அசலும் போலியும்: முன்னணி நிறுவனங்களின் 18650 செல்கள் பெரும்பாலும் 2,000 முதல் 3,600 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவும், 45 முதல் 50 கிராம் எடையும் கொண்டவை. உறையில் 6,800 என்றோ 9,900 என்றோ அச்சிட்டிருந்தால் அது பொய். அந்த உருளைக்குள் அவ்வளவு ஆற்றலை அடைக்கும் வேதியியல் கடைத்தெருவுக்கு வரவில்லை. சமையலறைத் தராசில் 35 கிராமே காட்டும் செல்லில் உட்பொருள் குறைவு. பழைய மடிக்கணினிப் பொதியைப் பிரித்து, ஓய்ந்த செல்லுக்குப் புது உறை சுற்றுவது மற்றொரு மோசடி. பற்றவைப்புப் புள்ளிகளின் தழும்பு முனையில் தெரிந்தால் அது இரண்டாம் கை. பேனசோனிக், சாம்சங், எல்ஜி, சோனியின் மின்கலத் தொழிலை 2017இல் வாங்கிய முராட்டா ஆகியவை இவ்வகைச் செல்லைப் பொதி கட்டும் தொழிற்சாலைகளுக்காகவே செய்கின்றன, உதிரியாகக் கடையில் விற்க அல்ல. ஆகவே சென்னை ரிச்சி தெருவிலோ புதுவைச் சண்டே மார்க்கெட்டிலோ இப்பெயர்களோடு கிடைக்கும் உதிரிச் செல்லை ஐயத்துடனேயே அணுக வேண்டும்.

இந்தியாவில் இவ்வகை மின்கலத்துக்கு இந்தியத் தர நிறுவனத்தின் கட்டாயப் பதிவு உண்டு. பொருந்தும் தரம் ஐ.எஸ். 16046 பகுதி 2. உறையிலோ அட்டையிலோ ஆர் என்ற எழுத்துடன் 8 இலக்கப் பதிவெண் இருக்க வேண்டும். அதைத் தர நிறுவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் இட்டால் பதிவு பெற்ற நிறுவனத்தின் பெயர் வரும். வந்த பெயரும் உறையிலுள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் வாங்கக் கூடாது.

செல்லின் உள்ளிருக்கும் கரிமக் கரைப்பான் எரியக்கூடியது. நெடுநாள் 2 வோல்ட்டுக்குக் கீழே கிடந்த செல்லில் செம்புத் தகடு கரைந்து உட்குறுக்கு இணைப்பு உண்டாகலாம். அதற்கு மீண்டும் சார்ஜ் ஏற்றுவது ஆபத்து. உறை கிழிந்தது, உப்பியது, கடல்நீர் புகுந்தது ஆகியவையும் அப்படியே. இரண்டு செல் விளக்கில் பழையதையும் புதியதையும் சேர்க்கக் கூடாது. சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. சாவியும் சில்லறையும் உள்ள பையில் உதிரிச் செல் இடுவது தீ விபத்துக்கு நேர்வழி. விமானப் பயணத்தில் உதிரிச் செல் கைப்பையில் மட்டுமே செல்லும்.

இன்றைய நிலை: செல்களில் பெரும்பகுதி இறக்குமதியே. 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் தீர்ந்த செல்லைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர், இறக்குமதியாளர் மீது சுமத்துகின்றன. தீர்ந்த செல்லைக் குப்பைத் தொட்டியில் போடலாகாது.