ஒரு மாதம் கொடுங்கள்!

1897-ல் நியூயார்க் சுகாதார வாரியம் ஒரு நல்ல காரியத்தை ஆரம்பித்தது. பள்ளிக்கூடங்களுக்கு டாக்டர்களை அனுப்பியது. படர்தாமரை, சிரங்கு, கண் நோய், பேன் என்று எது இருந்தாலும் அந்தப் பிள்ளையைப் பிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். மற்ற பிள்ளைகள் தப்பிப்பார்கள். நோக்கத்தில் குறையே இல்லை. வினை அப்புறம்தான் வந்தது.

1902-ல் சுகாதார ஆணையர் எர்னஸ்ட் லெடர்லே சோதனையை இறுக்கினார். செப்டம்பரில் மட்டும் 10,567 பேர் வெளியே அனுப்பப்பட்டார்கள்! கையில் நோயின் பெயர் எழுதிய ஒரு சீட்டு, அவ்வளவுதான். மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடில் இருந்தவர்களோ ருஷ்யாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் கப்பலேறி வந்த ஏழைகள். பல தாய்மாருக்கு அந்தச் சீட்டைப் படிக்கவே தெரியாது. மருந்து போட யாருமில்லை. சாயங்காலம் பள்ளி விட்டதும், விலக்கப்பட்ட பிள்ளையும் வகுப்புத் தோழர்களும் தெருவில் ஒன்றாக விளையாடினார்கள். வகுப்பில் தடுத்த நோய் வாசலில் ஒட்டிக்கொண்டது. இப்படியே போனால் வகுப்பறைகளில் மிஞ்சுவது யார்?

இந்தக் கேள்வி லில்லியன் வால்டை வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. ஹென்றி தெருவில் நர்ஸ்கள் தங்கிச் சேவை செய்யும் இல்லத்தை நடத்தியவர் அவர். பன்னிரண்டு வயதாகியும் பள்ளியில் படிக்க முடியாத ஒரு பையனை முன்பு சந்தித்திருந்தார். தலையில் புண், போகும்போதெல்லாம் திருப்பி அனுப்பினார்கள். வால்ட் தானே மருந்து போட்டுக் குணமாக்கி அவனைப் பள்ளியில் சேர்த்தார். ஒரு பையனுக்கு முடிந்தது ஆயிரம் பேருக்கு முடியாதா? அதிகாரிகளிடம் போனார். “எங்கள் நர்ஸ் ஒருவரை ஒரு மாதத்துக்குத் தருகிறோம். பலித்தால் அரசுச் செலவில் தொடருங்கள்” என்பது அவர் வைத்த யோசனை. ஒப்புக்கொண்டார்கள். யாரை அனுப்புவது?

லினா ராஜர்ஸ். கனடாவின் ஒன்டாரியோவில் பிறந்து, டொராண்டோ குழந்தைகள் மருத்துவமனையில் பயிற்சி பெற்று, எல்லை தாண்டி வந்து ஹென்றி தெருவில் சேர்ந்திருந்தவர். 1902 அக்டோபர் 1-ம் தேதி வேலையைத் தொடங்கினார். நான்கு பள்ளிகள், சுமார் பத்தாயிரம் மாணவர்கள், நர்ஸ் ஒரே ஒருவர்.

அவருடைய வைத்தியத்தில் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. பேனுக்கு மண்ணெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் சரிபாதி கலந்து தலை முழுக்க ஊறவைத்தார். சிரங்கைச் சோப்புத் திரவத்தால் தேய்த்துக் கழுவிக் கந்தகக் களிம்பு பூசினார். கண்களைப் போரிக் அமிலக் கரைசலால் கழுவினார். மருந்து போட்டுக்கொண்ட பிள்ளை பெரும்பாலும் அப்படியே வகுப்புக்குத் திரும்பியது. பள்ளி முடிந்ததும் லினா படியேறி வீடு வீடாகப் போனார். சீட்டால் சொல்ல முடியாததைத் தாயின் கண்முன்னே செய்து காட்டினார். முதல் மாதத்திலேயே 893 மாணவர்களுக்குச் சிகிச்சை, 137 வீடுகளுக்கு நேரில் போனது. என்னைக் கேட்டால், இரண்டாவது எண்தான் பெரிது. சிகிச்சை வீட்டிலும் தொடராவிட்டால் பள்ளியில் பூசிய களிம்பு ஒரு நாளைக்குத்தான். ஆனால் சோதனைக் காலம் முடிந்துவிட்டது. நகரம் பணம் கொடுக்குமா?

கொடுத்தது. இன்னும் பன்னிரண்டு நர்ஸ்களை நியமித்து, லினாவைத் தலைவராக்கியது. மறு செப்டம்பரில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் 1,101 பேர் மட்டுமே. ஏறக்குறைய பத்தில் ஒன்று!

வயிற்றில் கைவைத்து நிற்கும் பிள்ளைக்கு வயிற்றுவலியா, வீட்டுப்பாடம் முடிக்காத பயமா என்று பார்த்தவுடன் சொல்லிவிடுகிற ‘ஸ்கூல் நர்ஸ்’ அமெரிக்காவில் அரசு ஊழியராகப் பிறந்தது இப்படித்தான்.

லினா 1910-ல் டொராண்டோவுக்குத் திரும்பி, அங்கேயும் பள்ளி நர்ஸ்களுக்குத் தலைமை ஏற்றார். தன் அனுபவத்தையெல்லாம் திரட்டி 1917-ல் ஒரு நூலாக வெளியிட்டார். அதன் தலைப்பு: ‘தி ஸ்கூல் நர்ஸ்’.