முத்துச் சலாபம்

முத்துச் சலாபம் என்பது மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும், சிப்பி விளைந்த ஆண்டுகளில் மட்டும், அரசின் மேற்பார்வையில் நடைபெற்றுவந்த முத்துக்குளிப்பு ஆகும். இந்தியப் பகுதியில் தூத்துக்குடியும், இலங்கைப் பகுதியில் அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய இடங்களும் இதன் மையங்களாக இருந்தன. ஆளரவமற்ற கடற்கரையில் சில வாரங்களுக்கு மட்டும் ஒரு நகரையே எழுப்பிக் கலைப்பது எவ்வாறு என்பதையே இக்கட்டுரை முதன்மையாகக் கூறுகின்றது.

முன்னாய்வு

முத்துச் சிப்பிகள் பார் எனப்படும் கடலடிப் பாறைத் திட்டுகளில் வளர்கின்றன. தூத்துக்குடிக்கு அப்பால் உள்ள தொலையாயிரம் பார் இவற்றுள் புகழ்பெற்றது. சிப்பி நான்கு வயதை எட்டும்போது குளிப்புக்கு ஏற்றதாகிறது; மேலும் ஓரிரு ஆண்டுகள் விட்டுவைத்தால் முத்தோடு மடிந்துவிடும். எனவே பார்களை ஆண்டுதோறும் ஆய்வு செய்வர். விளைந்த பாரிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை மாதிரியாக எடுத்துக் கழுவி, கிடைத்த முத்துக்களை வணிகரைக் கொண்டு மதிப்பிடுவர். ஆயிரம் சிப்பிக்கு என்ன விலை பெறும் என்பது தெரிந்த பின்னரே சலாபம் அறிவிக்கப்படும். அறிவிப்பு பொய்த்தால் பல்லாயிரம் பேரின் பயணம் வீணாகும் என்பதால், ஏற்பாடுகள் அனைத்திற்கும் இம்மதிப்பீடே அடிப்படை.

பருவக்காற்றுகளுக்கு இடையே கடல் அமைதியாக இருக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களே பெரும்பாலும் இதற்குரிய காலம்.

கடலில்

படகுகள் இரவில் கரைக்காற்றில் பாய்விரித்துச் சென்று, பிற்பகலில் கடற்காற்றுடன் திரும்பின. ஒரு கல்லுக்கு இருவர் என முறைவைத்துக் குளித்தனர். சுமார் 15 கிலோகிராம் எடையுள்ள கல்லில் கால்வைத்து இறங்குபவர், ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் கூடையை நிரப்பிக் கயிற்றை அசைப்பார். கயிற்றைப் பிடிப்பவர் அயர்ந்தால் உயிர் போகும். அதனாலேயே பரதவர் தம் மைத்துனரிடம் கயிற்றைக் கொடுப்பர் என்பது இக்கரையில் வழங்கும் செய்தி.

சுறாக்களின் வாயை மந்திரத்தால் கட்டும் கடல்கட்டிகள் வந்தாலன்றிக் குளியாளிகள் இறங்க மறுத்தனர். இவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு அளிக்கப்பட்டதாக மார்க்கோ போலோ குறிப்பிடுகின்றார். ஆங்கிலேய அரசும் இவர்களை ஊதியம் கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சுறாவுக்கு அஞ்சிப் படகுகள் ஒரு நாள் கரையில் நின்றாலும் இழப்பு பெரிது.

கரையில்

சிப்பிகள் கொட்டு எனப்படும் வேலியிட்ட அடைப்புக்குள் கொண்டுவரப்பட்டு மூன்று குவியல்களாகப் பிரிக்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதன் பின்னரும் இரு குவியல்கள் அரசுக்கும், ஒன்று குளித்தோருக்கும் உரியவை. எவை இரண்டு என்பதை அதிகாரி தேர்ந்தெடுப்பார் என்பதால், குவியல்களைச் சமமாகப் பிரிப்பதே குளித்தோருக்கு நன்மையாக அமைந்தது. அரசின் பங்கு மாலையில் ஆயிரக் கணக்கில் ஏலம் விடப்பட்டது. குளித்தோர் தம் பங்கைக் கொட்டின் வாயிலிலேயே சில்லறையாக விற்றனர். ஓரிரு சிப்பிகளை வாங்கித் திறந்துபார்ப்பது அங்கு ஒரு சூதாட்டமாகவே இருந்தது.

சிப்பிகளை ஒரு வாரத்திற்கு மேல் அழுகவிட்டு, கடல்நீரில் கழுவியே முத்தைப் பிரித்தனர். முகாமின் பெரும் சிக்கல் இதுவே. மணற்கரையில் நல்ல நீர் அரிது; ஈக்களும் நாற்றமும் மிகுதி; பல திசைகளிலிருந்து வந்த மக்களின் நெரிசல் வேறு. வாந்திபேதி பரவியதால் சலாபங்கள் இடையில் நிறுத்தப்பட்டதும் உண்டு. ஆகவே காவல் நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றுடன் மருத்துவமனையும் ஓலைக் கொட்டகைகளில் அமைக்கப்பட்டது. தூத்துக்குடியில் நிலைமை சற்று எளிது. அங்கு நகரும் வணிகரும் இருந்தனர். நங்கூரமிட்ட கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் தோணிகளும் இருந்தன. மரிச்சுக்கட்டியிலோ அரிசி முதல் அனைத்தும் வெளியிலிருந்தே வரவேண்டும். 1906 சலாபத்தில் அங்கு பணியாற்றிய லெனார்ட் வூல்ஃப், அந்த அனுபவத்தைத் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். தமிழருடன் பாரசீக வளைகுடாவின் அரபுக் குளியாளிகளும் அதில் பங்கேற்றனர்.

வீழ்ச்சி

1905 இல் இலங்கைக் கரையில் சுமார் 8 கோடி சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய் வருவாய் கிடைத்தது. இதைக் கண்டு, 1906 இல் இலண்டன் நிறுவனம் ஒன்று ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1907 இற்குப் பின் பார்கள் வெறுமையாயின. 1912 இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. கொட்டகைகளையும் படகுகளையும் பணத்தால் திரட்ட முடிந்தது. சிப்பிக் குஞ்சுகள் பாரில் நிலைகொள்வதோ நீரோட்டத்தையும் மணலையும் இரைகௌவும் மீன்களையும் பொறுத்தது.

தூத்துக்குடியில் 1908 இற்குப் பின் 1926 முதல் 1928 வரையும், பின்னர் 1955 முதல் 1961 வரையும் சலாபங்கள் நடைபெற்றன. அதன் பின் நடைபெறவில்லை. குளியாளிகள் சங்கு குளிப்பில் தொடர்ந்தனர். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1973 இல் தூத்துக்குடியில் செயற்கை முறையில் முத்து வளர்ப்பதிலும், 1981 இல் முத்துச் சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்குவதிலும் வெற்றி கண்டது.