சித்திரத்துக்குச் சுவர்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வேளைக்குச் சாப்பிடாமல், தூங்காமல் அலைகிறவர்களுக்குப் புத்தி சொல்வதற்கென்றே இந்தப் பழமொழியை நாம் செலவழித்துக்கொண்டிருக்கிறோம். சித்திரம் எழுதுகிறவர் ஒருவரிடமே இதைச் சொல்லிப் பாருங்கள். சுவர் இருந்தால் மட்டும் போதாது, அந்தச் சுவரில் எந்த இடம் இருட்டு, எந்த இடம் வெளிச்சம் என்று முதலில் முடிவாக வேண்டும், வர்ணம் அதற்குப் பிறகுதான் என்பார்.

நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிய விஷயம் இல்லை. கோலமாவைக் கையில் எடுப்பதற்கு முன்னால் வாசலில் சாணம் தெளித்து மெழுகுகிறார்கள். தரை கறுத்து ஈரம் பிடித்த பிறகே புள்ளி வைக்கிறார்கள். வெளுத்த புழுதித் தரையில் இழுத்த கோலம் கண்ணுக்கும் எடுக்காது; காற்றுக்கும் நிற்காது.

வர்ணப் பொடியை வைத்துக்கொண்டு ஏறக்குறைய இதே காரியத்தைச் செய்த ஒரு பிரெஞ்சு ஓவியரைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். எட்கார் தெகா என்பது அவர் பெயர். 1834ல் பாரிஸில் பிறந்தவர். நாட்டியமாடும் பெண்களை எழுதியவர் என்று உலகம் அவரை அறியும். அவர் எழுதிய மலைகளையும் வயல்களையும் அறிந்தவர்கள் குறைவு. எனக்கு அந்த வயல்கள் மீதுதான் மோகம்.

அவர் கையாண்ட சாதனத்துக்குப் பேஸ்டல் என்று பெயர். வர்ணப் பொடியில் சிறிதளவு பிசின் சேர்த்துப் பிசைந்து, விரல் நீளத்துக்கு உருட்டிக் காயவைத்த குச்சி அது. எண்ணெயும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். சொரசொரப்பான காகிதத்தில் தேய்த்தால் பொடி அதன் மேடுபள்ளங்களில் ஒட்டிக்கொள்ளும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் சீமான்களுக்கும் சீமாட்டிகளுக்கும் இந்தப் பொடியில் தங்கள் முகத்தை எழுதிப் பார்த்துக்கொள்வதில் அப்படி ஓர் ஆசை. வெனிஸ் நகரத்து ரொசால்பா காரியேரா என்ற அம்மாள் 1720ல் பாரிஸுக்கு வந்தபோது, அவள் கையால் ஒரு படம் வேண்டும் என்று பெரிய மனிதர்கள் காத்துக் கிடந்தார்கள். பிறகு மோரிஸ் கந்தான் த லா தூர் வந்து அந்தக் கலையை உச்சத்துக்குக் கொண்டுபோனார். சட்டிகளையும் பழங்களையும் எண்ணெய் வர்ணத்தில் எழுதிப் பேர் பெற்ற ஷார்தான், வயோதிகத்தில் கண் கெட்டுப்போன பிறகு பேஸ்டலுக்கு மாறினார். மூக்குக் கண்ணாடியுடன் தம்மையே அவர் எழுதிக்கொண்ட படங்கள் லூவ்ர் மியூசியத்தில் இருக்கின்றன.

ஆனால் இந்தப் பொடிக்கு ஒரு குறை உண்டு. அதனால் ஆழ்ந்த இருட்டைக் காட்டுவது கஷ்டம். மழை பெய்த மண் பாதையைப் பாருங்கள், கறுத்துக் கிடக்கும். இரண்டு நாள் வெயில் அடித்தால் அதே மண் வெளுத்துவிடும். மண் மாறவில்லை, ஈரம் போய்விட்டது, அவ்வளவுதான். உலர்ந்த துகள்கள் தங்கள்மேல் விழும் வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடிக்கின்றன. அந்த வெளிச்சம் கறுப்பையும் சாம்பலாக்கிவிடுகிறது. பேஸ்டலும் உலர்ந்த பொடிதானே? முகம் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய நஷ்டம் இல்லை. கன்னத்துக்கும் பட்டுக்கும் அந்த வெளிறிய மென்மை அழகுகூடச் செய்யும். காட்டையும் மலையடிவாரத்தையும் எழுதுகிறவன் என்ன செய்வான்? நிழலில் ஆழம் இல்லாவிட்டால் மலை, துணித் திரை மாதிரி தொங்கும். கறுப்புக் குச்சியை மேலும் மேலும் தேய்த்தாலோ, காகிதத்தின் பள்ளங்கள் நிரம்பி, அடுத்த வர்ணம் பிடிக்காமல் உதிர்ந்துபோகும்.

எண்ணெய் வர்ணக்காரர்கள் இருட்டையும் வெளிச்சத்தையும் முதலிலேயே அடியில் பூசி வைத்துக்கொள்ளும் வழக்கம் மிகப் பழையது. லியனார்டோ டா வின்சி 1481ல் தொடங்கி முடிக்காமல் விட்டுப்போன ஒரு பெரிய படம் பிளாரன்ஸ் நகரத்தில் இருக்கிறது. குழந்தை ஏசுவை ஞானியர் வணங்கும் காட்சி. அதில் வர்ணம் ஏறவே இல்லை. பழுப்பு நிழலும் பலகையின் வெளிர்ப்புமாகவே அத்தனை முகங்களும் நிற்கின்றன. அப்படி இருந்தும் படத்தில் எது முன்னால், எது பின்னால் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். தச்சன் வீடு கட்டும்போது ஓடு வேய்வதற்கு முன்னால் நிற்கும் கூரைச் சட்டம் மாதிரி, படத்தின் எலும்பு அது. பேஸ்டலுக்கும் அப்படி ஓர் எலும்பு கிடைக்குமா? காகிதத்தின் சொரசொரப்பைத் தின்னாமல், ஆனால் நல்ல கறுப்பாகவும் இருக்கும்படி ஓர் அடித்தளம் அமையுமா?

தெகாவுக்கு அது ஒரு சிநேகிதர் மூலம் வந்தது. லூதோவிக் லெபிக் என்பவர் செதுக்கு அச்சுப் படங்கள் செய்கிறவர். வழக்கமாக அச்சுத் தகட்டில் மையை ஒரே சீராகத் துடைத்து, நூறு பிரதிகளையும் ஒரே மாதிரி எடுப்பார்கள். லெபிக் அதற்கு நேர்மாறாக, ஒவ்வொரு தடவையும் மையை வெவ்வேறு விதமாகத் துடைத்துப் பார்த்தார். ஷெல்ட் ஆற்றங்கரையைக் காட்டும் ஒரே தகட்டிலிருந்து 85 விதமான படங்கள் எடுத்தார். ஒன்றில் நிலவு எழும். இன்னொன்றில் பனி மூடியிருக்கும். கோடுகள் எல்லாம் அப்படியே இருக்க, இருட்டும் வெளிச்சமும் மட்டும் இடம் மாறினால் பொழுதே மாறிவிடுகிறது!

1870களின் நடுவில் இருவரும் சேர்ந்து ஒரு படம் செய்து, இருவரும் அதில் கையெழுத்திட்டார்கள். அந்தத் தகட்டில் செதுக்கலே கிடையாது. வழுவழுப்பான தகட்டின்மீது அச்சு மையை வைத்து, அதிலேயே படத்தை உண்டாக்கி, ஈரக் காகிதத்தை மேலே போட்டு அச்சு யந்திரத்தில் அழுத்தி எடுப்பது. தகட்டில் எதுவும் பதிவாகாததால் ஒரு நல்ல பிரதிதான் கிடைக்கும். அதனால் இதற்கு மோனோடைப், அதாவது ஒற்றை அச்சு என்று பெயர் வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் ஜெனோவா நகரத்துக் காஸ்திலியோனே செய்து காட்டிய வித்தை இது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. வெறும் தகட்டில் தூரிகையால் மையைத் தொட்டு எழுதுவது ஒன்று. தகடு முழுவதும் கன்னங்கரேல் என்று மையைப் பூசிவிட்டு, வெளிச்சம் வேண்டிய இடத்தில் மட்டும் அதைத் துடைத்து எடுப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது வழியில் தெகாவுக்கு அலாதிப் பிரியம். கந்தல் துணி, தூரிகைக் காம்பு, கட்டை விரல் எல்லாம் அவருக்கு ஆயுதங்கள். சில படங்களில் அவருடைய விரல் ரேகை இன்றும் தெரிகிறது. வெளிச்சத்தை அவர் பூசவில்லை, இருட்டிலிருந்து மீட்டு எடுத்தார் என்று சொல்லலாம்.

தகட்டில் மிச்சமிருக்கும் மையை வைத்து அவர் இரண்டாம் பிரதி ஒன்றும் எடுப்பார். அது மங்கலாக இருக்கும். வேறு ஒருவராக இருந்தால் கழிவு என்று எறிந்திருப்பார்கள். தெகா பெரும்பாலும் அதைத்தான் பேஸ்டலுக்கு அடித்தளமாக வைத்துக்கொண்டார். மை மெல்லிய படலமாகக் காகிதத்தில் ஊறிவிடுவதால் சொரசொரப்பு கெடுவதில்லை. இருட்டு எங்கே, வெளிச்சம் எங்கே என்ற கேள்விக்கெல்லாம் அச்சிலேயே பதில் இருக்கிறது. அதன்மேல் பொடியைக் கனமாக அப்ப வேண்டியதில்லை. ஆங்காங்கே தொட்டால் போதும். மேடையில் ஒற்றைக் காலில் சுழன்று வரும் நட்சத்திர நடிகையின் படத்தைப் பலரும் காலண்டர்களில் பார்த்திருப்பீர்கள். 1877ல் காட்சிக்கு வந்த படம் அது. அவளுடைய வெள்ளை உடைக்கு அடியில் அச்சு மை இருக்கிறது என்று யார் நினைப்பார்கள்?

இனி வயல்களுக்கு வருவோம். 1890 இலையுதிர் காலத்தில் தெகாவுக்கு 56 வயது. சிற்பி பார்த்தோலொமேயும் அவரும் ஒரு வெள்ளைக் குதிரை பூட்டிய இரட்டைச் சக்கர வண்டியில் பாரிஸிலிருந்து புறப்பட்டார்கள். ரயில் வண்டி வந்து எத்தனையோ வருஷங்கள் ஆகிவிட்ட காலத்தில், இப்படிக் குதிரை வண்டியில் பர்கண்டி மாகாணத்துக்குப் போனார்கள். தியேனே என்ற கிராமத்தில் ஜார்ஜ் ழான்னியோ என்ற ஓவிய நண்பரின் வீடு. அவரிடம் அச்சு யந்திரம் இருந்தது. தெகாவுக்குப் போய் இறங்கியதும் வேலை செய்ய ஆசை வந்துவிட்டது. தகடு கேட்டார், மை ஒற்றும் பஞ்சுப் பொதி கேட்டார். வழியில் பார்த்த குன்றுகளும் பள்ளத்தாக்குகளும் ஒரு குறிப்புக்கூட இல்லாமல், ஞாபகத்திலிருந்தே தகட்டில் உருவானதை ழான்னியோ பின்னாளில் வியந்து எழுதியிருக்கிறார். இந்தத் தடவை கறுப்பு மைக்குப் பதிலாக எண்ணெய் வர்ணங்கள். முதலில் இருட்டும் வெளிச்சமுமாகப் பச்சையும் பழுப்பும் கரைந்து ஓடிய ஓர் அடித்தளம். அச்சுக் காய்ந்த பிறகு, அதன்மேல் பேஸ்டல். 1892ல் பாரிஸில் துரான் ருவேல் காட்சிச் சாலையில் இந்த வகைப் படங்கள் இருபதுக்கு மேல் வைக்கப்பட்டன. தெகாவின் முதல் தனிக் கண்காட்சி அது. நாட்டியப் பெண்களை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு மனித வாடையே இல்லாத மலைச் சரிவுகள் கிடைத்தன! ஆயுள் முழுவதும் வயல்வெளியை எழுதிய பிசாரோவே அந்த வர்ணங்களின் மென்மையை மெச்சித் தம் மகனுக்குக் கடிதம் எழுதினார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வெட்ட வெளியில் முக்காலி போட்டு உட்கார்ந்து இயற்கையை எழுதுகிறவர்களைத் தெகாவுக்குப் பிடிக்கவே பிடிக்காது. அவர்களைக் கண்காணிக்கப் போலீஸ் படை வேண்டும் என்று அவர் பரிகாசம் செய்ததாக, படவியாபாரி வொல்லார் எழுதி வைத்திருக்கிறார். இத்தனைக்கும் அப்படி வெளியில் உட்கார்ந்தவர்களான மோனேயும் பிசாரோவும் அவருடைய சகாக்கள்.

ஏன் இந்தப் பிடிவாதம்? வெறும் கர்வம் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. 1870ல் ஜெர்மானியப் படை பாரிஸை முற்றுகையிட்டபோது தெகா ஊர்க்காவல் படையில் சேர்ந்தார். துப்பாக்கிப் பயிற்சியின்போதுதான், வலது கண்ணுக்குக் குறி தெரியவில்லை என்பது அவருக்கு வெளியாயிற்று. அதற்குப் பிறகு பார்வை படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்தது. வெயிலின் கூச்சம் தாங்கவில்லை. நேர் எதிரே உள்ள பொருள் மறைந்து, சுற்றியுள்ளவை மட்டும் தெரியும் நிலை வந்தது. வெட்ட வெளியில் உட்கார அவருக்குக் கண் எங்கே இருந்தது?

என் தாயாருக்குக் கடைசிக் காலத்தில் கண்ணில் புரை விழுந்திருந்தது. முகம் தெரியாது. ஆனால் வாசற்படியில் யார் வந்து நின்றாலும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். வெளியே வெயில், உள்ளே இருட்டு, நடுவில் ஓர் உருவம். தோள் எப்படிச் சாய்ந்திருக்கிறது, தலை எந்தப் பக்கம் ஒருக்களித்திருக்கிறது என்பது அவளுக்குப் போதுமாயிருந்தது. மூக்கும் முழியும் பார்த்து ஆளைக் கண்டுகொள்ளும் நாம்தான் அடிக்கடி ஏமாறுகிறோம்.

ஓவியப் பள்ளிகளில் மாணவர்களுக்கு ஒரு பாடம் சொல்லித் தருவார்கள்: எழுதப் போகும் காட்சியைக் கண்களைப் பாதி மூடிக்கொண்டு பார். இலைகளும் புல்லும் மறைந்து, நாலைந்து பெரிய இருட்டும் வெளிச்சமும் மட்டும் மிஞ்சும். அதை முதலில் எழுது என்பார்கள். நல்ல கண் உள்ளவர்கள் பிரயத்தனப்பட்டுச் செய்யும் இந்தக் காரியத்தைத் தெகாவின் கண் தானாகவே செய்துகொண்டிருந்தது. நோய் அவரை மேதையாக்கியது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நோயால் அவர் பட்ட துயரத்துக்கு அளவில்லை. கண் கொடுக்க மறுத்ததை விட்டுவிட்டு, கொடுத்ததை வைத்துக்கொண்டு வேலை செய்தார் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த நிலக்காட்சிகள் ஆன்மாவின் நிலைகளோ என்று சிநேகிதர் ஹலேவி கேட்டபோது, பெரிய வார்த்தை எதற்கு, கண்ணின் நிலைகள் என்று சொல்லும் என்றாராம் அவர்.

கதை எழுதுகிறவனுக்கும் இதில் ஒரு சமாசாரம் இருக்கிறது. வர்ணனை எளிதில் வந்துவிடும். மல்லிகைப் பந்தல், மாலைக் காற்று, கதாநாயகியின் புடவை நிறம் எல்லாம் பேனாவை எடுத்ததும் ஓடி வரும். அந்தக் குடும்பத்தில் யார் எதை மறைக்கிறார்கள், எந்த இடத்தில் கதவு திறக்கும் என்பதை முதலில் தீர்மானிக்காவிட்டால், அத்தனை மல்லிகையும் காய்ந்த பொடியாக உதிர்ந்துவிடுகிறது. வாசகர்கள் அடியில் இருப்பதைப் பார்ப்பதில்லை. அது இல்லாவிட்டால் மட்டும் உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

தெகா 1912ல் நெடுநாள் குடியிருந்த வீட்டை விட்டுக் கிளம்ப நேர்ந்ததோடு வேலையும் நின்றுபோயிற்று. 1917 செப்டம்பரில் காலமானார். மறு வருஷம் அவருடைய வேலைக்கூடத்தில் இருந்தவை ஏலத்துக்கு வந்தபோதுதான், அவர் எத்தனை ஒற்றை அச்சுகள் எடுத்துக் குவித்திருக்கிறார் என்று ஊருக்குத் தெரிந்தது. 1968ல் யூஜீனியா பாரி ஜானிஸ் என்ற அமெரிக்க அறிஞர் அவற்றைப் பட்டியல் போட்டபோது கணக்கு முந்நூறைத் தாண்டியது. 2016ல் நியூயார்க் நவீனக் கலை மியூசியம் இவற்றுக்கென்றே ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது.

அந்தப் படங்களின் நகல்களைத்தான் நான் புத்தகங்களில் பார்த்திருக்கிறேன். ஒரு பச்சைச் சரிவு, அதற்குப் பின்னால் மூட்டமான குன்றுகள், ஆள் இல்லாத ஒரு வழி. பக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக் கண்ணைப் பாதி மூடிப் பார்த்தேன். வர்ணமெல்லாம் அடங்கிப்போயிற்று. குன்று மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.