நாலு பிளக், இரண்டு விதத் தேய்மானம்

ஒரே கடையில் வாங்கி ஒரே நாளில் மாட்டிய நாலு ஸ்பார்க் பிளக். சில வருஷம் ஓடியபின் கழற்றினால் இரண்டில் நடுக்கம்பி மழுங்கியிருக்கிறது. மற்ற இரண்டில் நடுக்கம்பி அப்படியே இருக்க, மேலே வளைந்து நிற்கும் எர்த் கொக்கி குழிவிழுந்திருக்கிறது. கலர் நாலிலும் ஒன்றுதான். உடனே போலிச் சரக்கு என்று கடைக்காரரையும், கலப்படம் என்று பெட்ரோல் பங்கையும் திட்டுவார்கள். பெரும்பாலும் இருவருமே நிரபராதிகள். இது கரன்ட் போகும் திசை செய்கிற வேலை.

பொறி பறக்கும்போது நெகட்டிவ் பக்கத்து உலோகம்தான் அதிகம் அரிக்கப்படும். பீங்கானுக்குள் இருக்கும் நடுக்கம்பி பொதுவாகக் கொக்கியைவிடச் சூடு. சூடான உலோகத்திலிருந்து எலெக்ட்ரான் சுலபமாகக் கிளம்பும். அதனால் நடுக்கம்பியை நெகட்டிவாக வைப்பதுதான் முறை. தலைகீழாக வைத்தால் அதே இடைவெளியைத் தாண்ட காயில் கூடுதல் வோல்டேஜ் கொடுக்க வேண்டும்.

இதில் ஒரு பழைய கதை உண்டு. 1930-களின் பிற்பாதியில் பிரிட்டிஷ் கார்கள் பாசிட்டிவ் எர்த்துக்கு மாறின. பேட்டரியின் பாசிட்டிவ் பாடியில் சேரும். 1957-ல் உத்தர்பாராவில் தயாரிக்கத் தொடங்கிய நம் அம்பாசடருக்கு மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டும் அந்த வகைதான். 1960-களில் ஆல்டர்னேட்டர் வந்ததும் நெகட்டிவ் எர்த் திரும்பியது. பாட்டு கேட்க ரேடியோ மாட்டுவதற்காகவே பழைய வண்டிகளில் பேட்டரியைத் திருப்பி வைத்தவர்களும் உண்டு. பேட்டரியைத் திருப்பினால் லூகாஸ் காயிலில் எஸ்.டபிள்யூ., சி.பி. என்று எழுதிய இரண்டு ஒயரையும் மாற்றிப் பூட்ட வேண்டும். பூட்டாவிட்டாலும் வண்டி ஓடும், லைட் எரியும். அதுதான் வம்பு! காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், மேட்டில் இழுக்காது. பிளக்கைக் கழற்றினால் நாலிலும் கொக்கியில் குழி.

அந்தக் கால மெக்கானிக் இதைக் கண்டுபிடிக்க மீட்டர் தேடவில்லை. பிளக்கின் தலையிலிருந்து ஒயரைச் சற்று விலக்கிப் பிடித்து, நடுவில் பென்சில் முனையை நீட்டுவார். பென்சிலுக்கும் பிளக்குக்கும் நடுவே பொறி விரிந்து பளிச்சிட்டால் சரி. ஒயர் பக்கம் விரிந்தால் காயில் தலைகீழ்.

அப்போது அது பிழை. பின்னால் அதுவே டிசைன் ஆகிவிட்டது. 1948-ல் பிரான்சில் அறிமுகமான சித்ரோயன் 2சிவி காரில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. ஒரே காயிலின் இரு முனைகளும் இரண்டு பிளக்குக்கும் ஒரே நேரத்தில் பொறி கொடுக்கும். ஒன்று வேலைக்கு, இன்னொன்று புகை வெளியேறும் நேரத்தில் வீணாக. கரன்ட் ஒரு பிளக்கில் நடுக்கம்பியிலிருந்து கொக்கிக்கும், அடுத்ததில் கொக்கியிலிருந்து நடுக்கம்பிக்கும் தாவித்தான் சுற்று முடியும். 1980-களுக்குப் பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாத நாலு சிலிண்டர் எஞ்சின்கள் பலவும் இதே வழியில் வந்தன. 1-ம் 4-ம் ஒரு ஜோடி, 2-ம் 3-ம் ஒரு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று நேர், ஒன்று தலைகீழ். பொறியும் இரட்டிப்பு என்பதால் தேய்மானமும் சீக்கிரம்.

இதற்காகத்தான் இரண்டு முனையிலும் பிளாட்டினம் வைத்த பிளக் வந்தது. அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி சில எஞ்சின்களுக்கு இன்னும் சிக்கனம் பார்த்தது. பாதி பிளக்கில் நடுக்கம்பிக்கு மட்டும் பிளாட்டினம், மீதியில் கொக்கிக்கு மட்டும். கழற்றித் துடைத்து இடம் மாற்றிப் போட்டால் போச்சு.

ஆகவே இந்த வகை வண்டியில் பிளக்கைக் கழற்றும்போது சிலிண்டர் நம்பரைச் சாக்பீஸில் எழுதி வைத்துவிட்டு, ஜோடி ஜோடியாகப் பாருங்கள். தேய்மானம் ஜோடிக்குள் எதிரெதிராக இருந்தால் காரணம் காயில் அமைப்பு; நாலையும் சேர்த்து மாற்றினால் போதும். ஒன்று மட்டும் எண்ணெய் பூசியோ, வெளுத்தோ, கன்னங்கரேலென்றோ வந்தால் பிளக்கைக் குறை சொல்லாமல் அந்தச் சிலிண்டரின் ரிங், வால்வு, இன்ஜெக்டர் என்று தேட வேண்டியதுதான். சிலிண்டருக்கு ஒரு காயில் வைத்த இன்றைய வண்டிகளில் இந்த ஜோடிக் கணக்கே கிடையாது.